குழிக்கோழி செத்த கிழமை

அந்தக் கோழி ஓடாது சார். இவ்வளவு பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டியதில்லை. நேராக நடந்து போய்த் தூக்குங்கள், பேசாமல் இருக்கும். முன்னால் யார் வருகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. கழுத்து திருகிப் போனதிலிருந்து ஒரு கண் வானத்தைப் பார்க்கிறது, இன்னொரு கண் முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறது. வட்டம் வட்டமாகத்தான் நடக்கும். வட்டம் போட்டுப் போட்டே எப்படியோ தினமும் என் வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். இப்போதே பிடிக்க வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி இந்த வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறீர்கள். ஐஸ் பெட்டியை அந்தக் கொடுக்காப்புளி நிழலில் வையுங்கள். தண்ணீர் குடியுங்கள். பானைத் தண்ணீர்தான்.

கையில் என்ன, ஃபாரமா? உரிமையாளர் பெயரா? அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கடைசியில் சொல்கிறேன். கீழே இன்னொன்று கேட்டீர்களே, போன வருஷம் நான் குழியில் புதைத்த கோழி எந்தக் கிழமை செத்தது என்று, அதையும் விடுங்கள். வியாழக்கிழமை என்று அன்றைக்கே சொன்னேன். எழுதியிருக்கிறார்கள் அல்லவா? பிறகு எதற்கு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மறுபடியும் கேட்டு அனுப்புகிறார்?

நீங்கள் லேபில்தான் வேலை பார்க்கிறீர்கள், ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். சொன்னால்தான் ஃபாரத்தில் எழுத முடியும்.

என் பெயர் முத்துராக்கு. தையல் வேலை செய்கிறேன். பத்து வருஷமாக இந்த வாகைக்கண்மாயில் கோழிக்குச் சொட்டு மருந்தும் போடுகிறேன். வெள்ளைக் கழிச்சல் வராமல் இருக்கப் போடுகிற மருந்து. ஐந்து நாள் பயிற்சி கொடுத்து, ஒரு பையும் பிளாஸ்க்கும் கொடுத்து அனுப்பினார்கள். ஊரில் சொட்டுக்காரி என்று சொன்னால் சின்னப் பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். முப்பத்தொரு வீடு. கோழியைக் கூட்டிலிருந்து திறந்துவிடுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். ஒவ்வொன்றாக மடியில் வைத்து, கண்ணில் ஒரே ஒரு சொட்டு. விட்டவுடன் கீழே இறக்கிவிடக் கூடாது. கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். அதற்கு இமை கீழேயிருந்து மேலே மூடும், கவனித்திருக்கிறீர்களா? நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

மருந்தைக் கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரம்தான். அதற்குமேல் அது மருந்து இல்லை, வெறும் தண்ணீர். முதல் நாளே டவுனில் வாங்கி ஐஸில் வைத்து எடுத்து வந்துவிட்டால், மறுநாள் காலை போட்டே ஆக வேண்டும். தள்ளிப்போட முடியாது. போன வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித்தான் போட்டேன். கை கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். எப்போதும் கழுவுவேன்.

அந்தச் சனிக்கிழமை ஒச்சம்மா வீட்டில் முதல் கோழி தலை சாய்ந்தது.

ஒச்சம்மா எதிர்ச்சாரியில் நாலாவது வீடு. பதினெட்டு உருப்படி வைத்திருந்தாள். சனிக்கிழமை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஐந்து. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்துவிட்டு, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிவிட்டு விழுந்துவிடும். செவ்வாய்க்கிழமைக்குள் ஊரில் முக்கால்வாசிக் கோழி போய்விட்டது. தலை சாய்ந்ததும் அறுத்துக் குழம்பு வைத்தவர்கள் பாதி. மிச்சத்தைக் கண்மாய்ப் பக்கம் வீசிவிட்டார்கள். வேண்டாம், குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்று நான் ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். கேட்டால்தானே? நான் சொன்னபடி செய்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டிலும் ஒன்று செத்தது, ஒரு சாம்பல் நிறப் பெட்டை. இதோ, துவைகல்லுக்குப் பின்னால் மண் அமுங்கிக் கிடக்கிறதே, அங்கேதான் புதைத்தேன்.

புதன்கிழமை காலை எல்லோரும் இங்கே வந்துவிட்டார்கள். இந்த வேலிக்கு வெளியே. ஒச்சம்மா முன்னால் நின்றாள். இரண்டு கையிலும் செத்த கோழி, காலைப் பிடித்துத் தொங்கவிட்டிருந்தாள்.

"ஏன்டி முத்துராக்கு, கண்ணுல மருந்த ஊத்துனியா, காலன ஊத்துனியா?" என்று கேட்டாள். "பதினெட்டும் போச்சு. இந்தா, இதையும் நீயே அடக்கம் பண்ணு" என்று இரண்டையும் என் காலடியில் போட்டாள்.

"நீ போட்ட செவ்வா, அடுத்த செவ்வாக்குள்ள ஊரே காலி" என்றான் ஒருத்தன்.

"டவுன்ல காலாவதியான மருந்த இவ தலையில கட்டிவிட்டுருப்பாங்க" என்றான் இன்னொருத்தன். "இல்ல, இவளே வெயில்ல வச்சுக் கெடுத்துருப்பா."

பத்து வருஷம் சார். அவர்கள் வீட்டுக் கோழியெல்லாம் என் மடியில் உட்கார்ந்து கண்ணை மூடித் திறந்திருக்கிறது. ஒரு சொட்டு கூடப் போட்டதில்லை என்பது போல நின்றார்கள்.

நான் என்ன சொன்னேன்? பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். மருந்தால் நோய் வராது, வெளியூர்க் கோழி உள்ளே வந்தால் நோய் வரும் என்று சொன்னேன். உண்மைதானே? நீங்களே சொல்லுங்கள், உண்மைதானே? அப்போது கூட்டத்தில் யாரோ, "வெளியூர்க் கோழிய இங்க யாரு கொண்டாரா?" என்று கேட்டார்கள். "வாராவாரம் யாரு கொண்டாரான்னு ஒங்களுக்கே தெரியுமே" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பெயர் சொல்லவில்லை. நான் பெயரே சொல்லவில்லை சார்.

ஆனால் அன்றைக்குப் புதன்கிழமை. பாருங்கள், புதன்கிழமை பத்து மணி.

தவசி வருகிற நேரம். கோழி வாங்குகிறவர். டி.வி.எஸ். வண்டி, பின்னால் பெரிய மூங்கில் கூடை, மேலே வலை. பத்து ஊர் சுற்றி வாங்கிக்கொண்டு போய் டவுனில் விற்பார். வாங்கின கோழி காலில் நீலச் சாக்கு நாரைக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார், அது அவர் அடையாளம். ஊருக்குள் நுழையும்போதே ஹாரனை மூன்று தடவை அடித்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்துருக்கோம், பொண்ண வெளிய விடுங்க!" என்பார். கோழியைத்தான் பொண்ணு என்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே கோழியைப் பிடித்து வருவார்கள். இந்த ஊருக்கு வருகிற ஒரே வியாபாரி அவர்தான். என்னிடம் மட்டும் தனி மரியாதை. "யக்கா, நீங்க சொட்டுப் போட்ட கோழின்னு சொல்லிட்டா டவுன்ல மறுபேச்சே கெடையாது" என்பார். அப்படி யார் சார் சொல்வார்கள்? என் சர்ட்டிபிகேட்டைப் பார்த்துக்கூட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்கும் மூன்று ஹாரன் அடித்தது. "பொண்ணு பாக்க" என்பதுவரைதான் சொன்னார்.

வண்டியைச் சாய்த்துவிட்டார்கள். வலை கிழிந்து கோழியெல்லாம் சிதறியது. ஒருத்தன் கன்னத்தில் அறைந்தான். சாவியைப் பிடுங்கிக் கண்மாய்ச் சகதியில் எறிந்தான். தவசி திருப்பி அடிக்கவில்லை. சிதறின கோழியைத்தான் பிடித்துப் பிடித்துக் கூடையில் போட்டார். "என் கோழி ஒண்ணும் தலை சாயல. பாருங்க, தொட்டுப் பாருங்க. எதுலயாவது கழிச்சல் இருக்கா?" என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். பிறகு கூட்டத்துக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"யக்கா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொன்னேன், "டெஸ்ட் பண்ணுனாத் தெரிஞ்சுட்டுப் போகுது."

சரியான பேச்சுத்தானே அது? நடுநிலையான பேச்சு. தவசியும் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா, டெஸ்ட் பண்ணுங்க. என் கூடையையும் சேத்து டெஸ்ட் பண்ணுங்க. எத்தன நாளானாலும் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். அப்படியே உட்கார்ந்தார். அன்றைக்குப் பூராவும் பள்ளிக்கூடத்துப் படியில், கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் கொடுத்திருப்பேன். கொடுத்தால் ஒச்சம்மா ஏதாவது சொல்வாள் என்றுதான்.

மறுநாள் டாக்டரம்மா வண்டியில் வந்து இறங்கினார். வீடு வீடாகப் போய், மிச்சமிருந்த கோழியின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார். தவசி கூடையில் அகப்பட்டிருந்த ஐந்து கோழிக்கும் எடுத்தார். எடுத்த கையோடு தவசியைப் போகச் சொல்லிவிட்டார். ஆறாவது கோழி ஒன்று கொடுக்காப்புளி மேல் ஏறிக்கொண்டது, அதைப் பிடிக்க முடியவில்லை. ஆமாம் சார், அதுதான் இது, விட்டுப்போன இந்த ஒன்றுக்குத்தான் இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். காலைப் பாருங்கள். நீல நார் இன்னும் இருக்கிறது. தவசி போனபிறகு ஊரில் இருந்த நோய் இதையும் பிடித்தது. பத்து நாள் கிடந்தது. சாகவில்லை. கழுத்தை மட்டும் திருகிவிட்டுப் போய்விட்டது. வானத்தைப் பார்த்து நிற்கிற கோழியை யார் அறுத்துத் தின்பார்கள்? எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள்.

டாக்டரம்மா, "முதல்ல செத்த கோழி எதாவது புதைச்சது இருக்கா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். தோண்டினோம். சுண்ணாம்பு போட்டிருந்தும் சதையெல்லாம் போய்விட்டது. ஆனால் தொடை எலும்புக்குள் இருக்கிற மச்சையில் நோய் பல நாள் தங்கியிருக்குமாம். அதை ஒடித்து எடுத்துக்கொண்டார். "இப்படி முறையாப் புதைச்சு வச்சது நீங்க ஒருத்தர்தான். ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க" என்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பிறகு, "எந்தக் கிழமை செத்துச்சு?" என்று கேட்டார்.

போன வியாழக்கிழமை என்றேன். அதாவது தவசி முந்தின புதன்கிழமை வந்து போன மறுநாள்.

என் வீட்டு எலும்புக்கு எண் ஒன்று. ஒச்சம்மா வீட்டுக்கு இரண்டு. இப்படிப் பதினான்கு வீடு. தாளில் வீட்டுக்காரர் பெயர் போட மாட்டோம், எண் மட்டும்தான் என்று சொன்னார். நல்ல ஏற்பாடு.

முடிவு வர நாலு மாதம். அந்த நாலு மாதத்தைப் பற்றி என்ன சொல்ல? ஊரில் சேவல் கிடையாது. சேவல் கூவாத ஊரில் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா? விடிந்தது தெரியாமல் ஆட்கள் தூங்கினார்கள், பால் வண்டி போன பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு மட்டும் டாண் என்று விழிப்புத் தட்டிவிடும். எழுந்தால் கையை மோந்து பார்ப்பேன். ஒரு புளித்த வாடை. இரைப்பை கெட்ட கோழியின் வாயிலிருந்து ஒரு வாடை வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் போகும், மறுநாள் காலையில் இருக்கும். கை கழுவாதவள் கையில் வாடை இருந்தால் நியாயம். நான் கழுவினேன் சார். அன்றைக்குச் சோப்புத்தான் தீர்ந்திருந்தது. சாம்பல் போட்டுக் கழுவினேன். சாம்பல் சோப்புக்குக் குறைந்ததில்லை.

முடிவு வந்ததும் என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள், மாட்டாஸ்பத்திரிக்கு. டாக்டரம்மா இரண்டு தாள் வைத்திருந்தார். மரபணு வரிசை என்று மேலே போட்டிருந்தது. எனக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு, "நீங்க தைப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

"தைப்பேன்."

"அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுக்குறாங்க. அதைப் பார்த்து நீங்க ஒண்ணு தைக்கிறீங்க. நீங்க தைச்சதைப் பார்த்து இன்னொருத்தர் தைக்கிறாங்க. நடுவுல ஒருத்தர் கொக்கியைக் கொஞ்சம் இறக்கி வச்சுத் தைச்சுட்டா என்ன ஆகும்?"

"அதைப் பாத்துத் தைச்சதுல எல்லாம் கொக்கி இறங்கித்தான் இருக்கும்."

"அவ்வளவுதாங்க. இந்தக் கிருமி கோழிக்குக் கோழி போகும்போது தன்னைப் பார்த்துத் தானே தைச்சுக்கிட்டுப் போகுது. பதினஞ்சாயிரம் தையல். அத்தனையையும் வரிசையா எழுதிப் பார்க்கலாம். முதல் தாள் இது. சொட்டு மருந்துல இருக்கிற கிருமி வேற, உங்க ஊர்ல கொன்ன கிருமி வேற. தையலே வேற. மருந்து மேல ஒரு தப்பும் இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இருங்க, ரெண்டாவது தாளும் இருக்கு" என்றார். "பதினாலு வீட்டுல பதிமூணு வீட்டுல கொக்கி ஒண்ணு இறங்கியிருக்கு. இறங்காம இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்க குழிக்கோழி. அதுதான் மத்த எல்லாத்துக்கும் அளவு ஜாக்கெட் மாதிரி தெரியுது. அந்தத் தவசியோட கோழி அஞ்சுலயும் ஒண்ணுமே இல்ல, சுத்தம்." அப்புறம் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு கிழமைதான் எனக்கு இடிக்குது. புதன்கிழமை வந்த கூடையிலருந்து தொத்தி வியாழக்கிழமையே ஒரு கோழி சாகாது. அவ்வளவு வேகமான நோய் இல்ல இது. நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"உங்க குழிக்கோழியும், அதுக்கு முந்தின வாரம் மேலத்தரிசுங்கிற ஊர்ல நாங்க எடுத்த ஒண்ணும், ஒரு தையல் மாறாம ஒத்துப்போகுது. அந்த ஊர்ல உங்களுக்கு உறவு யாராச்சும்?"

"யாருமில்லைங்க."

என் கூடப்பிறந்த அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணீர் இன்னும் வேண்டுமா? சொட்டுப் போட்ட செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா பேரனுக்குக் காதுகுத்து. போகாமல் இருக்க முடியுமா? போனேன். கறி போட்டார்கள், நிறைய. ஏன் இத்தனை கோழி அறுத்தார்கள் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்கும். கிளம்பும்போது அக்கா ஒரு சாம்பல் பெட்டையை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து என் பையில் வைத்தாள். "இங்க ஒண்ணு ஒண்ணா விழுதுடி. இது நல்ல அடைகாக்கிற ராசிக்கோழி. இதாவது ஒங்கிட்டக் கெடந்து பொழைக்கட்டும்" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நோய் கண்டால், நிற்கிற கோழியில் நல்லதை எடுத்து வெளியூர் உறவு வீட்டில் கொண்டுபோய் விடுவோம். பிள்ளையைப் பத்திரமான இடத்துக்கு அனுப்புகிற மாதிரி. வாங்க மாட்டேன் என்று சொல்வதா? கூடப்பிறந்தவள் கண்ணீரோடு நிற்கிறாள். புதுக் கோழியைப் பதினான்கு நாள் தனியாக வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை நான் மறக்கவில்லை. தனியாகத்தான் வைத்தேன். என் கோழி ஒன்றையும் அண்டவிடாமல், மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வைத்தேன். இரண்டு நாள் தனியாக இருந்ததும் தனிதானே?

செவ்வாய்க்கிழமை காலை பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தால் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மடியில் வைத்து வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினேன். மூக்கைத் துடைத்துவிட்டேன். அப்போது மருந்தைக் கலக்கிவிட்டேன் சார். இரண்டு மணி நேரம்தான். முப்பத்தொரு வீடு. கை கழுவினேன். சாம்பல் போட்டோ, வெறும் தண்ணீரிலோ, கழுவினேன். சேலை மாற்றவில்லை. சேலையை யார் மாற்றுவார்கள்? ஒவ்வொரு கோழியையும் மடியில் வைத்து, கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருந்தேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது.

ஊர்க் கூட்டத்தில் முதல் தாளை வாசித்தேன். "மருந்தின் மேல் தவறில்லை" என்கிற வரியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். ஒச்சம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைத்தான். "ஆத்திரத்துல சொல்லிட்டேன் மதினி, மனசுல வச்சுக்கிறாத" என்றாள். "அப்ப அந்தக் கூடைக்காரப் பயதான்" என்றார் தலைவர். "இன்னொரு தாளு இருக்காத்தா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாசித்திருப்பேன். அந்தத் தாளில் இருப்பதும் தவசிக்கு முழுச் சாட்சி இல்லையே சார். டெஸ்ட் எடுத்த கூடை அந்த வாரத்துக் கூடை. முந்தின வாரத்துக் கூடையைப் பற்றி யாருக்குத் தெரியும்? இதை நான் பலமுறை யோசித்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்பே தவசி வருவது நின்றுவிட்டது. இங்கே மட்டும் இல்லை. வாகைக்கண்மாயில் கழிச்சலைக் கொண்டுவந்தவன் என்று சொல்லிப் பத்து ஊரிலும் கூடையை இறக்கவிடவில்லை. பெண்கள் கோழியை விற்க இப்போது டவுனுக்கு பஸ்ஸில் போகிறார்கள்.

ஆடி மாதம் அவர் மனைவி வந்தாள். பஞ்சவர்ணம். நான் அதுவரை பார்த்ததில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வண்டியை விற்றுவிட்டு அவர் திருப்பூரில் ஏதோ மில்லில் மூட்டை தூக்குகிறாராம். மூச்சு வாங்குகிறதாம். மறுபடியும் ஊர் சுற்ற ஒரு வழி பிறந்தால் வந்துவிடுவார் என்றாள்.

"யக்கா, டெஸ்ட் முடிவு வந்துருச்சாம்ல. அதுல இவரப் பத்தி எதுவும் போட்டுருக்கா? போட்டுருந்தா அந்தத் தாள ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. ஊரு ஊரா நானே கொண்டுபோய்க் காட்டுறேன்."

இரண்டாவது தாள் உள்ளே தகரப் பெட்டியில், பட்டுச் சேலைக்கு அடியில் இருந்தது. எட்டு அடி தூரம் இருக்கும்.

"மருந்தப் பத்தி மட்டுந்தான் போட்டுருக்கு" என்றேன்.

அப்போது இந்தக் கோழி வட்டம் போட்டுக்கொண்டு வந்தது. நீல நாரைப் பார்த்ததும் குனிந்து தூக்கினாள். "இது எங்கதுல்ல?"

"ஒங்களதுதான். கொண்டு போ" என்றேன். கொண்டு போய்விட்டால் போதும் என்றிருந்தது.

அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "இத வச்சு நான் என்ன செய்ய? இங்கயே கெடக்கட்டும். நீங்கதான் வைத்தியம் தெரிஞ்சவுக" என்று இறக்கிவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இறக்கிவிட்டதும் கோழி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. முதுகைக் காட்டி நின்றால்தானே அதற்கு என் முகம் தெரியும்?

அதற்குப் பிறகு ஊரில் மறுபடியும் கோழி வந்துவிட்டது. சேவல் கூவுகிறது. நானும் சொட்டுப் போடுகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எல்லாம் பழையபடிதான். புதன்கிழமை பத்து மணிக்கு மட்டும் எனக்கு மூன்று ஹாரன் கேட்கிறது. பிரமைதான், எனக்குத் தெரியும். ஆனால் சார், அந்த நேரத்தில் இதுவும் வட்டம் போடுவதை நிறுத்திவிடுகிறது. அசையாமல் நிற்கிறது. என்னுடையது பிரமை, கோழிக்கு என்ன?

சரி, பிடியுங்கள். நானே பிடித்துத் தருகிறேன், மடியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் குச்சியை விடுங்கள். மெதுவாக. அலகு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆயிற்றா?

இப்போது எழுதுங்கள். உரிமையாளர் பெயர் தவசி. ஊர் திருப்பூர் என்று போடாதீர்கள், அவர் சொந்த ஊர் குறவன்குளம். பஞ்சவர்ணம் அங்கேதான் இருக்கிறாள். பராமரிப்பவர் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிழமை. வியாழன் என்று இருக்கிறதா? அடித்துவிடுங்கள். புதன். சொட்டுப் போட்ட மறுநாள் காலை ஏழு மணி, தவசி வண்டி ஊருக்குள் வருவதற்கு மூன்று மணி நேரம் முன்னால். தலை சாய்ந்தது செவ்வாய். மேலத்தரிசிலிருந்து வந்தது ஞாயிறு. ஆமாம், உறவு இருக்கிறது. அக்கா. அதையும் எழுதுங்கள். டாக்டரம்மாவிடம் நான் மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். இல்லை, மறக்கவில்லை என்றே சொல்லுங்கள்.

அந்த ஃபாரத்தைப் பத்திரமாகப் பையில் வையுங்கள். இருங்கள், உள்ளேயிருந்து ஒரு தாள் எடுத்து வருகிறேன், அதையும் கொண்டு போங்கள். குறவன்குளம் நீங்கள் போகிற வழிதான்.

அதற்குள் அந்தத் தொட்டியில் கை கழுவிக்கொள்ளுங்கள் சார். சோப்பு இருக்கிறது. இந்த ஒரு வருஷமாக அங்கே சோப்பு இல்லாத நாளே கிடையாது. நன்றாகக் கழுவுங்கள், முழங்கை வரைக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சொட்டுக்காரி கை கழுவினாளா என்று உங்கள் ஃபாரத்தில் ஒரு கட்டம் இருக்கிறதா சார்? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இல்லையா? நல்லது.